தஸ்ராக் போகிறீர்களா? கசாக் வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் குடியிருப்பதால் பொள்ளாச்சி, கோவை, திருப்பூர்ப் பக்கத்து வாசக நண்பர்கள் என்னிடம் வழி கேட்பது வழக்கமாகிவிட்டது. மலையாள எழுத்தாளர் ஓ.வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாசம்’ நாவலைப் படித்திருப்பார்கள். நாவலில் கசாக் என்ற பெயரில் வரும், அந்தக் கதை பிறந்த தஸ்ராக் கிராமத்தையும், அங்கே விஜயன் பெயரில் இருக்கும் நினைவகத் தோட்டத்தையும் பார்க்க வேண்டும் என்பார்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இங்கே ஒன்றாகப் போட்டுவிடுகிறேன்.

அங்கே பார்க்க என்னதான் இருக்கிறது?

ஒரு பழைய ஓட்டு வீடு. அதைச் சுற்றி மரங்களும், நாவலின் மனிதர்களைச் செதுக்கி வைத்த கருங்கற்களும். விஜயனின் கார்ட்டூன்கள், புகைப்படங்கள், கடிதங்கள் வைத்திருக்கும் காட்சிக்கூடம். கூட்டம் நடத்த ஓர் அரங்கு. வெளியே வந்தால் வயல், பனை, பள்ளிவாசல், நாவலில் வரும் அறபிக்குளம். அவ்வளவுதான்.

மலம்புழா மாதிரி நீரூற்று, படகு, ரோப் கார் என்று எதிர்பார்த்து வந்தால் பத்து நிமிடத்தில் ‘சரி, கிளம்பலாமா’ என்று கேட்பீர்கள். அந்த ஓட்டு வீட்டுக்கு மலையாளத்தில் ‘ஞாற்றுப்புர’ என்று பெயர். வயல் வேலைக்காகக் கட்டிய களத்து வீடு. நாவலில் சிவராமன் நாயர் பள்ளிக்கூடம் நடத்தக் கொடுக்கும் ஞாற்றுப்புர இதைப் பார்த்து எழுதியதுதான். தஸ்ராக்கில் முதலில் நுழைய வேண்டிய இடமும் அதுவே. சிலைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

விஜயனுக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு? அவர் சொந்த ஊரா?

இல்லை. விஜயன் பிறந்தது பாலக்காட்டு மாவட்டத்தின் விளையஞ்சாத்தனூரில், 1930 ஜூலை 2 அன்று. பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் படித்தார். பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில எம்.ஏ. முடித்து, கொஞ்ச காலம் கல்லூரி ஆசிரியராக இருந்தார். அவருடைய தங்கை சாந்தாவுக்கு தஸ்ராக்கின் ஓராசிரியர் பள்ளியில் வேலை கிடைத்தபோது குடும்பம் இங்கே வந்து தங்கியது. அது 1956. விஜயனும் வந்து இருந்தார். ஊர்க்காரர்களோடு பழகினார், கதைகள் கேட்டார்.

1958இல் டெல்லிக்குப் போய் ‘சங்கர்ஸ் வீக்லி’யில் கார்ட்டூன் வரையத் தொடங்கினார். ஆனால் இந்த ஊர் அவரை விடவில்லை. எழுதி, அடித்து, திருத்தி, பன்னிரண்டு வருடம் கழித்து 1968இல் நாவல் ‘மாத்ருபூமி’ வார இதழில் தொடராக வந்தது. 1969இல் புத்தகம். மலையாள நாவலைக் கசாக்குக்கு முன், கசாக்குக்குப் பின் என்று பிரித்துப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. ஐதராபாத்தில் 2005 மார்ச் 30 அன்று விஜயன் இறந்தார்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இதில் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில்தான் இருந்தது. மலம்புழா அணையை 1955 அக்டோபரில் திறந்துவைத்தவர் முதலமைச்சர் காமராஜர். ஒற்றை வாத்தியாரோடு கிராமத்துக்குக் கிராமம் பள்ளி திறந்த அதே காலம்தான் நாவலிலும் வருகிறது. பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதச் சொல்லித்தரும் ஓத்துப்பள்ளி நடத்தும் அல்லாப்பிச்சா மொல்லாக்கா, புதிதாக வந்த பள்ளியைப் பார்த்துப் பதறுவதைப் படிக்கும்போது, நம் தாத்தாக்கள் படித்த திண்ணைப் பள்ளிகளும் போர்டு ஸ்கூல்களும் நினைவுக்கு வராமல் போகாது.

நாவலைப் படிக்காமல் போகலாமா?

போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். படிக்காதவருக்கு இது வழக்கமான ஒரு பாலக்காட்டுக் கிராமம். வீடு, குளம், பள்ளிவாசல், வயல். இந்தப் பக்கம் அப்படி எத்தனையோ ஊர் இருக்கிறது.

நாவலை யூமா வாசுகி மலையாளத்திலிருந்தே நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அந்த மொழிபெயர்ப்புக்குச் சாகித்ய அகாதெமி பரிசும் கிடைத்தது. ஆங்கிலத்தில் விஜயனே 1994இல் செய்தது உண்டு. ஆனால் அதில் அவர் நிறைய மாற்றி எழுதியிருப்பதால் அதைத் தனி நூலாகவே வைத்துப் படிப்பது நல்லது. தமிழ் வாசகர் தமிழிலேயே படித்துவிட்டு வரலாம், ஒரு குறையும் இல்லை.

கதையை இரண்டு வரியில் சொல்லச் சொன்னால்: தாம்பரத்தில் இயற்பியல் படித்து, பெரிய படிப்புக்குப் போக வேண்டிய ரவி, ஒரு குற்ற உணர்வைச் சுமந்துகொண்டு எல்லாவற்றையும் விட்டு அலைந்து, கடைசியில் கசாக்குக்கு ஓராசிரியர் பள்ளி வாத்தியாராக வந்து சேர்கிறான். அவன் கதை பாதிதான். மீதி அந்த ஊரின் கதை. ஆயிரத்தொரு குதிரைகளோடு வந்த சையது மியான் ஷேக், அவருடைய நோயாளிக் குதிரை விழுந்து இறந்த இடத்திலேயே தங்கி ஊரை உண்டாக்கியதாக ஐதிகம். மொல்லாக்கா, அவரை எதிர்த்து நிற்கும் நைஜாமலி, மைமுனா, மாதவன் நாயர், குப்புவச்சன், தும்பி பிடித்துத் திரியும் அப்புக்கிளி, பிறகு ஊரைப் புரட்டிப் போடும் அம்மை நோய்.

முழுக்கப் படிக்க நேரமில்லை என்றால் முதல் சில அத்தியாயங்களாவது படித்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

எப்படிப் போவது?

பாலக்காட்டு நகரத்திலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர், கிணாசேரி பக்கம். கோவையிலிருந்து வருகிறவர்களுக்கு உக்கடத்தில் பஸ் கிடைக்கும். ரயில் என்றால் பாலக்காடு ஜங்ஷன். அது ஒலவக்கோட்டில் இருக்கிறது, நகரத்துக்குள் இல்லை; அங்கிருந்து டவுனுக்கு இன்னொரு பஸ். பொள்ளாச்சிக்காரர்களுக்கு இரண்டு வழி. கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை வழியாகச் சாலை. அல்லது மீனாட்சிபுரம், கொல்லங்கோடு, புதுநகரம் வழியாகப் பாலக்காடு டவுன் ஸ்டேஷன் போகும் ரயில். நேரம் ஒத்துவந்தால் ரயிலே அழகு. கொல்லங்கோடு தாண்டும்வரை தெற்கே நெல்லியாம்பதி மலை கூடவே வரும்.

பாலக்காட்டிலிருந்து ஆட்டோ பிடிப்பதானால் ‘விஜயன் ஸ்மாரகம், தஸ்ராக்’ என்று சொன்னால் போதும். நாவலில் ரவி பஸ் இறங்கும் கூமன்காவுக்கு டிக்கெட் கேட்டுக் கண்டக்டரைக் குழப்ப வேண்டாம். அதே போல, நாவலில் வரும் செதலிமலை எது என்று கேட்டால் ஆளுக்கொரு மலையைக் காட்டுவார்கள். ஆட்டோவைத் திரும்பி வரச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள், ஊருக்குள் நினைத்த நேரத்தில் வண்டி கிடைக்காது.

எந்த மாதம் நல்லது?

இதற்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கசாக்கின் பாதி காற்றும் மழையும்தான்.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை அறுந்து கிடக்கும் இடம் பாலக்காட்டுக் கணவாய். முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலம். கேரளத்தின் மற்ற ஊர்களுக்கு மலை ஒரு சுவர். எங்களுக்கு அது திறந்த வாசல். மார்கழி, தை மாதங்களில் கொங்குச் சமவெளியில் கிளம்பும் காற்று இந்த வாசல் வழியாக மேற்கே பாயும். ஈரமே இல்லாத கிழக்குக் காற்று. உதடு வெடிக்கும், காயப்போட்ட துணி பக்கத்து வீட்டில் கிடக்கும். பனை மட்டைகள் ஒன்றோடொன்று உரசிச் சலசலவென்று அடித்துக்கொள்ளும் ஓசை இரவெல்லாம் கேட்கும். விஜயனின் வாக்கியங்களில் அந்தக் காற்று எப்படி ஓயாமல் வீசுகிறது என்பது அப்போது தஸ்ராக்கில் ஒரு மணி நேரம் நின்றால் விளங்கிவிடும். டிசம்பர் கடைசி முதல் ஜனவரி வரை என் முதல் சிபாரிசு.

இரண்டாவது, ஜூன், ஜூலை. தென்மேற்குப் பருவமழை வாசல் வழியே உள்ளே வந்து நம் பொள்ளாச்சி வரைக்கும் நனைக்கும் காலம். நாவலின் கடைசிப் பக்கங்களைப் படித்தவர்களுக்கு மழையில் ஏன் வர வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. குடை வேலைக்காகாது, ரெயின்கோட் கொண்டுவாருங்கள். ஈரக் கையோடு புத்தகத்தை எடுக்காதீர்கள். வரப்பில் நடக்கும்போது கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள், பாம்பு இந்த வயல்களில் நாவலுக்காக வந்ததல்ல.

ஏப்ரலில் வராதீர்கள். பாலக்காட்டு வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். காய்ந்த வயலும் கண்ணைக் கூசும் வெளிச்சமும்தான் மிச்சம். மார்ச் 30 நினைவுநாளிலும் ஜூலை 2 பிறந்தநாளிலும் எழுத்தாளர்கள், மாணவர்கள் என்று கூட்டம் சேரும். பேச்சுக் கேட்கப் பிடிக்குமானால் அன்றைக்கு வரலாம். ஊரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றால் அந்த இரண்டு நாளையும் தவிர்த்துவிடுங்கள்.

கற்சிலைகள் எப்படி இருக்கின்றன?

வேலைப்பாடு நன்றாகவே இருக்கிறது. கல்லை முழுக்கச் சிலையாக வடிக்காமல் பாறையின் முகத்திலேயே ஆட்களை எழுப்பியிருக்கிறார்கள். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது முகங்கள் துலக்கமாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். படம் எடுக்கிறவர்கள் நாலு மணிக்கு மேல் எடுங்கள்.

ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மைமுனாவுக்கு ஒரு முகம் தேவையா? படிக்கும் ஒவ்வொருவர் மனதிலும் ஒரு மைமுனா இருக்கிறாள், கல்லில் பார்த்ததும் அவள் கொஞ்சம் விலகிப்போகிறாள். அப்புக்கிளி வேறு விஷயம். தும்பிகளோடு அலையும், உடம்பு வளர்ந்தும் குழந்தையாகவே நின்றுபோன அவனைக் கல்லில் பார்க்கும்போது உறுத்தல் இல்லை, வாஞ்சைதான் வருகிறது. இறந்தவர்களின் நினைவுகளே தும்பிகளாகத் திரிகின்றன என்று நாவலில் ஒரு நம்பிக்கை வரும். மழை விட்ட மறுநாள் வயல் மேல் தும்பிகள் கூட்டமாகப் பறப்பதைப் பார்த்தால் சிலையை விட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடுவீர்கள்.

காட்சிக்கூடத்தில் கார்ட்டூன்களை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். நாவலாசிரியர் விஜயனை மட்டும் தெரிந்தவர்களுக்கு அங்கேதான் ஆச்சரியம். கோடுகள் மிகக் குறைவு, வாசகம் அதைவிடக் குறைவு, கசப்பு நிறைய. அதிகாரத்தைக் கடுமையாக எள்ளும் அரசியல் நாவலான ‘தர்மபுராணம்’ இதே கையிலிருந்துதான் வந்தது என்பது அப்போது விளங்கும்.

ஊர்க்காரர்களிடம் ‘நீங்கள் எந்தப் பாத்திரத்தின் குடும்பம்’ என்று கேட்கலாமா?

தயவுசெய்து கேட்காதீர்கள். விஜயன் பார்த்துப் பழகிய மனிதர்கள் சிலரின் சாயல் நாவலில் இருக்கிறது, அது உண்மை. ஆனால் நாவலில் வரும் காமமும் சாவும் பித்தும் அந்தக் குடும்பங்களின் வரலாறு இல்லை. யாரோ ஒரு பெரியவர் வாசலில் உட்கார்ந்திருக்க, கேமராவை நீட்டி ‘இவர்தானா மொல்லாக்கா’ என்று கேட்பது எவ்வளவு அநாகரிகம் என்று நம் ஊரில் நம் அப்பாவை வைத்து யோசித்துப் பாருங்கள். அவர்களாகவே பேசினால் கேளுங்கள். டீக்கடையில் உட்கார்ந்தால் தானாகவே பேச்சு வரும்.

பள்ளிவாசல் தொழுகை நடக்கும் இடம், சுற்றுலாத் தலம் அல்ல. வெளியே இருந்து பாருங்கள். உள்ளே போக விரும்பினால் அங்கே இருப்பவரிடம் அனுமதி கேட்டுப் போங்கள், தொழுகை வேளையில் வேண்டாம். குளத்தில் யாராவது குளித்துக்கொண்டிருந்தால் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

மலையாளம் தெரியாது. சமாளிக்க முடியுமா?

தாராளமாக. பாலக்காட்டில் தமிழ் புரியாதவர் குறைவு. கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் வந்தால் வீட்டிலும் கடையிலும் தமிழ்தான், பிள்ளைகளுக்குத் தமிழ்வழிப் பள்ளியும் உண்டு. தஸ்ராக்கில் நீங்கள் தமிழில் கேளுங்கள், அவர்கள் மலையாளத்தில் சொல்வார்கள். நிதானமாகப் பேசினால் இரண்டு பக்கமும் ஓடிவிடும். பெரியவர்களைப் பெண்களானால் ‘சேச்சி’, ஆண்களானால் ‘சேட்டா’ என்றால் போதும். முஸ்லிம் பெரியவர்களை ‘இக்கா’ என்பார்கள்.

எழுத்துப் பலகைகள்தான் சிக்கல். மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்தால் கடிதங்களையும் கார்ட்டூன் வாசகங்களையும் அனுபவிக்கலாம்.

சாப்பாட்டுக்கு?

தஸ்ராக்கில் பெரிய ஓட்டல் தேட வேண்டாம். காலையிலேயே கிளம்புகிறவர்கள் எலப்புள்ளி பக்கம் ராமசேரிக்கு ஒரு சுற்றுப் போய் வரலாம். அந்த ஊர் இட்லி கேரளம் முழுக்கப் பேர் போனது. செய்கிறவர்கள் பல தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட முதலியார் குடும்பங்கள். இட்லிச் சட்டி கிடையாது. மண்பானை வாயில் நூலால் வலை பின்னி, மேலே துணி விரித்து, மாவை வட்டமாக ஊற்றி, விறகடுப்பில் வேகவைக்கிறார்கள். வந்து விழுவது குண்டு இட்லி அல்ல. நடுவில் லேசாக மேடான, தட்டையான, துணியின் நெசவு அடியில் பதிந்த வட்டம். பொடியில் தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்துத் தொட்டுக்கொள்ள வேண்டும். நல்லெண்ணெய் கேட்காதீர்கள், தேங்காயெண்ணெயில்தான் அதற்கு ருசி. சீக்கிரம் தீர்ந்துவிடும், எட்டு மணிக்குள் போய்ச் சேருங்கள்.

அதே நாளில் இலக்கியத் தொடர்புள்ள வேறு இடம் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் அள்ளிக்கொள்ள நினைத்தால் எதையும் பார்த்த மாதிரி இருக்காது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என்னைக் கேட்டால் சித்தூர்.

சித்தூரில் சோகநாசினி ஆற்றங்கரையில் தெக்கேகிராமம். மலையாள மொழியின் தந்தை என்று கொண்டாடப்படும் துஞ்சத்து எழுத்தச்சன், 16ஆம் நூற்றாண்டில், தம் கடைசிக் காலத்தைக் கழித்த மடம் இங்கே இருக்கிறது. ‘அத்யாத்ம ராமாயணம் கிளிப்பாட்டு’ எழுதியவர். ஒரு கிளி வந்து கதை சொல்வது போன்ற அமைப்பு. ஆடி மாதத்தில் கேரளத்து வீடுகளில் இன்றைக்கும் அதைத்தான் வாசிக்கிறார்கள். விஜயதசமியன்று குழந்தைகளுக்கு ஏடு தொடங்க இந்த மடத்துக்குக் கூட்டி வருவார்கள். தெருவில் அக்கிரகார வீடுகள், திண்ணை, வாசலில் கோலம். தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கிறோமோ என்று தோன்றும். மாசி, பங்குனியில் வந்தால் சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன்படை விழா நடக்கும். கொங்கு நாட்டுப் படை ஒன்று படையெடுத்து வந்ததாம், பகவதி அதை அடித்து விரட்டினாளாம். அந்த வெற்றியைக் கொண்டாடும் திருவிழா. கோயம்புத்தூர்க்காரர்கள் தோற்ற கட்சியாக நின்று வேடிக்கை பார்க்கலாம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

மேற்கே போகிறவர்களுக்கு லக்கிடி அருகே கிள்ளிக்குறிச்சிமங்கலம்: துள்ளல் கலையை உண்டாக்கிய 18ஆம் நூற்றாண்டுக் கவிஞர் குஞ்சன் நம்பியாரின் பிறந்த வீடு. கொல்லங்கோட்டில் கவிஞர் பி. குஞ்ஞிராமன் நாயர் ஆசிரியராக இருந்தார், அவர் பெயரில் நினைவகம் உண்டு. மலம்புழாவில் கானாயி குஞ்ஞிராமன் 1969இல் செய்த யட்சி சிலை. அது இலக்கியம் அல்ல, ஆனால் பார்க்காமல் போகக்கூடாது.

பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

வரலாம். நாவலை அவர்களுக்குச் சொல்ல வேண்டாம், அது பெரியவர்களின் கதை. ஷேக்கும் நோயாளிக் குதிரையும், அப்புக்கிளியும் தும்பிகளும், வாத்தியார் ஊருக்குள் வந்த கதை – இந்த மூன்றையும் சொன்னால் போதும். ஞாற்றுப்புர திண்ணையில் உட்காரவைத்து ஓராசிரியர் பள்ளி எப்படி நடந்திருக்கும் என்று பேசலாம். ஒன்று முதல் ஐந்து வரை எல்லாரும் ஒரே கூடத்தில், ஒரே வாத்தியார். ‘அப்போ டீச்சர் லீவு போட்டா?’ என்று ஒரு பிள்ளையாவது கேட்கும்.

பெரிய குழுவானால் முன்கூட்டியே நினைவகத்தில் சொல்லிவிடுங்கள். அரங்கைத் திறந்து வைப்பார்கள், விஷயம் தெரிந்த ஒருவர் கூட வந்து காட்டுவார். குடிநீர் ஆளுக்கொரு பாட்டில், மழைக்காலமானால் மாற்றுத் துணி. குளத்தங்கரைக்குப் போகும்போது முன்னால் ஒரு ஆசிரியரும் பின்னால் ஒரு ஆசிரியரும் நடந்தால் நல்லது, படிகள் பாசி பிடித்திருக்கும்.